முத்திரை குத்திய பாடம்

கிழக்கு செர்பியாவில், திமோக் ஆறு கொஞ்சம் வளைந்து யோசித்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்குகிற இடத்தில் அந்த ஊர் இருக்கிறது. ஊரில் ஒரு கல்லூரி. பெயரைச் சொன்னால் மானநஷ்ட வழக்குப் போடுவார்கள். வழக்குக் காகிதத்துக்கு முத்திரை வாங்கி முடிப்பதற்குள் இரண்டு டைரக்டர்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள் என்றாலும், வம்பு எதற்கு? கல்லூரி என்றே இருக்கட்டும்.

அங்கே வித்தோமிர் என்பவர் வேலை பார்க்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். உயரமான ஆள், ஆனால் யாரும் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. சேர்ந்தது நகலெடுக்கும் மெஷினை ஓட்டுவதற்காக. அப்புறம் புரொஜக்டர் பழுதானால் அவர்தான், பிரின்டர் முரண்டு பிடித்தால் அவர்தான் என்று ஆனது. பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்களெல்லாம் ஆன்லைனுக்குப் போக வேண்டியபோது, பொறுப்பை யார் தலையில் கட்டலாம் என்று டைரக்டர் கூட்டத்தில் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வித்தோமிர் மட்டும் குனியவில்லை. அன்றைக்கு அவருக்குக் கழுத்துச் சுளுக்கு. அன்றிலிருந்து அவர் ஆன்லைன் பாடப் பொறுப்பாளர். பதவி உயர்ந்தது, சம்பளத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

நல்ல மனுஷன். அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. ஒரு கெட்டவர் இருந்திருந்தால் எல்லாருக்கும் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

போன வருடம் மே மாதத்தில் ஒருநாள், அவருடைய அறைக் கதவை ஒரு வெள்ளைக் கோல் தட்டியது. பின்னாலேயே துன்யா வந்தாள். இரண்டாம் வருட மாணவி, சுற்றுலா மேலாண்மை. பிறவியிலேயே பார்வை இல்லை. மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அம்மா, நாலு ஆடு, கொஞ்சம் பீன்ஸ் தோட்டம். படிப்பதெல்லாம் காதால்தான். போனில் இருப்பதை போனே வாசித்துச் சொல்லும், அவள் கேட்டுக்கொள்வாள்.

"வித்தோ மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க சைட்டுக்கு வாய் இருக்கா, இல்லியா?"

"ஏம்மா, என்னாச்சு?"

துன்யா போனை அவர் காதருகே நீட்டி விரலால் தள்ளினாள். போன் சொன்னது: "படம்." இன்னொரு தள்ளு. "படம்." இன்னொன்று. "படம்."

"காலைலேர்ந்து தள்ளிட்டிருக்கேன், இதையேதான் சொல்லுது. புள்ளியியல்னா இவ்வளவுதானா மாமா? இவ்வளவுதான்னா நான் இப்பவே பாஸு."

வித்தோமிருக்குப் புரிந்தது. புள்ளியியல் நடத்துபவர் டாக்டர் ராதோசாவ். கையால் எழுதிய நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புவார். வித்தோமிர் அப்படியே சைட்டில் ஏற்றுவார். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பேராசிரியரின் இடது கட்டைவிரல் தெரியும். கண்ணுள்ளவர்களுக்கே கட்டைவிரல்தான் தெளிவாக இருக்கும், மற்றதெல்லாம் ஊகம்.

"இத்தன நாள் எப்படிம்மா சமாளிச்சே?"

"ஹாஸ்டல்ல யெலித்சா படிச்சுக் காட்டுவா. அவ இப்ப ஸ்லோவேனியாவுக்கு ஹோட்டல் வேலைக்குக் கெளம்பிட்டா. மத்த பேப்பர் எல்லாம் முடிச்சிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. செப்டம்பர் பரீட்சைல இத முடிக்கலன்னா அரசாங்க சீட்டு போயிரும். சீட்டு போனா ஹாஸ்டல் கட்டிலும் போயிரும். அப்புறம் ஆடு மேய்க்கணும், ஆனா ஆடுங்க என்னைவிட வேகமா ஓடுதுங்க."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வித்தோமிரால் சிரிக்க முடியவில்லை.

"நான் டைப் பண்ணித் தர்றேன். எல்லாத்தையும். கோடு, படம், அட்டவணை எல்லாத்தையும் வார்த்தையில எழுதிடறேன். ஆகஸ்டு பொறக்கறதுக்குள்ள உன் கைல இருக்கும். இல்ல, காதுல."

"நெஜமாவா மாமா?"

"நெஜமாத்தான்."

"அப்ப ஒரு பக்கம் முடிஞ்சதும் அனுப்புங்க. கேட்டுப் பாத்துட்டு சரியா பேசுதான்னு சொல்றேன்."

"சே, அதெல்லாம் வேணாம். முழுசா முடிச்சுக் குடுக்கறேன்."

"அரைகுறையா இருந்தாலும் பரவால்ல மாமா."

"அரைகுறையா நான் யாருக்கும் பரிமாறினதில்லம்மா."

இந்த இடத்தில் அவரைக் குறை சொல்ல யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்து வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை வீட்டுப் புனிதரின் நாள் வரும். அன்றைக்கு யாரையும் அழைக்கமாட்டார்கள், வருகிறவர்கள் வருவார்கள். வந்தவர் உட்கார வேண்டியது, சாப்பிட வேண்டியது, அவ்வளவுதான். அடுப்படிப் பக்கம் தலை நீட்டி "உப்பு சரியா இருக்கா, நான் பார்க்கட்டுமா" என்று கேட்டால் அந்த வீட்டுக்காரர் தூக்கம் போய்விடும். விருந்தாளியை ருசி பார்க்கச் சொல்கிற வீடு ஒரு வீடா? வித்தோமிர் துன்யாவை அப்படித்தான் நினைத்தார். மரியாதையான விருந்தாளி. மேஜை நிறைந்த பிறகு உள்ளே வர வேண்டியவள்.

ஜூன் முழுக்க, ஜூலையிலும் பாதிக்கு மேல், வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவர் டைப் செய்தார். கட்டைவிரல்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எழுத்துகளைத் தோண்டி எடுத்தார். தலைப்புகளைத் தலைப்பாகப் போட்டார், அட்டவணைகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். படங்கள்தான் உயிரை வாங்கின. ஒரு கோடு மேலே போய்க் கீழே வருகிறது என்பதை, கோட்டையே பார்த்திராத பெண்ணுக்கு எப்படிச் சொல்வது?

"லியூபிங்கா, இங்க வந்து பாரேன். நடுவுல உசந்து ரெண்டு பக்கமும் சரியுது. இத எப்படி எழுதறது?"

அவர் மனைவி வெள்ளரிக்காயை ஜாடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"மணி மாதிரி இருக்குன்னு எழுது."

"மணிய அவ எங்க பாத்தா?"

"பாக்கல. தொட்டிருப்பாள்ல? ஆட்டுக் கழுத்துல கட்டுவாங்களே."

"இது காலேஜ் பாடம்டி. அதுல போய் ஆட்ட விடறதா?"

"ஆமா, ஒங்க காலேஜுல ஆடே இல்ல பாரு," என்று சொல்லிவிட்டு லியூபிங்கா ஜாடியை மூடினாள்.

வித்தோமிர் கௌரவமாக எழுதினார்: 'தொலைவிலிருந்து பார்க்கையில் மிஜோர் சிகரம் தோன்றுவதுபோல் நடுவில் உயர்ந்து இருபுறமும் ஒரே சீராகச் சரியும் வளைவு.' எழுதிவிட்டுத் தானே இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார். வாழ்க்கையில் மற்றவர்களின் எழுத்தை லட்சக்கணக்கில் நகலெடுத்தவர். இது அவருடைய சொந்த வாக்கியம்.

கம்ப்யூட்டரையே வாசிக்கச் சொல்லிக் கேட்கவும் ஒருநாள் பார்த்தார். எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரி கடத்தல் சாமான்களைப் பட்டியல் போடுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. மேஜைக்கடியில் படுத்திருந்த நாய் ஊளையிட்டது. "ஒண்ணு இந்த ஆள் வெளிய போகணும், இல்ல நான் போகணும்" என்றாள் லியூபிங்கா. அவர் குரலை நிறுத்தினார். அதன் பிறகு திரும்பப் போடவில்லை. கண்ணால் பார்க்க எல்லாம் சரியாக, அழகாக இருந்தது. அது போதும் என்று தோன்றியது.

வேலை முடிந்ததும் டாக்டர் ராதோசாவிடம் போனார். நோட்டு அவருடையது, அவர் சம்மதம் வேண்டும். பேராசிரியர் காபியை உறிஞ்சிக்கொண்டே அச்செடுத்த தாள்களைப் புரட்டினார்.

"என்ன இது?"

"உங்க நோட்ஸ்தான் சார்."

"என் நோட்ஸ் என் கையெழுத்துல இருக்கும். இது யார் சொன்னதுன்னே தெரியாத வதந்தி மாதிரி இருக்கு."

"வார்த்தைக்கு வார்த்த அதேதான் சார்."

"நீ எங்கயாவது ஒரு புள்ளிய மாத்திப் போட்டு, அந்தப் பொண்ணு அதப் படிச்சு ஃபெயிலானா யாரு பொறுப்பு?"

"நான்தான் சார்."

"நீ யாரு?"

பேராசிரியர் அதைத் திமிராகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஒரு பதில் வேண்டும் என்பதுபோல, கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் கேட்டார். வித்தோமிர் யோசித்தார். மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கி நேராக்கினார்.

"கல்லூரி முத்திரை இருந்தா எனக்கு ஆட்சேபம் இல்ல," என்றார் பேராசிரியர், கொஞ்சம் இறங்கி வந்து. "அப்ப அது கல்லூரியோடது. நீயும் இல்ல, நானும் இல்ல."

அந்த ஊரில் காகிதம் இரண்டு வகை. முத்திரை குத்தியது ஒன்று. அடுப்பு மூட்ட உதவுவது இன்னொன்று. பிறந்ததற்கும் முத்திரை, செத்ததற்கும் முத்திரை. நடுவில் உயிரோடு இருப்பதற்கு வருடா வருடம் ஓய்வூதிய ஆபீசில் தனி முத்திரை. கல்லூரி முத்திரை போர்க்கா அம்மாளிடம் இருக்கிறது. டைரக்டரின் செயலாளர். மேஜை இழுப்பறையின் சாவியைக் கழுத்தில் சிலுவையோடு சேர்த்துத் தொங்கவிட்டிருப்பார். டைரக்டர்கள் மாறுவார்கள், போர்க்கா அம்மாள் மாறுவதில்லை.

வித்தோமிர் போனது கல்லூரி மொத்தமும் ஆகஸ்டு விடுமுறைக்குப் பூட்டப்படுவதற்கு முந்தின நாள். கையில் தாள்கட்டு. போர்க்கா அம்மாள் ஜன்னலோரத் தொட்டிச் செடிகளுக்குக் கடைசித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இம்புட்டா? என்ன வித்தோ, கல்லூரிய விக்கப் போறியா?"

"கண்ணு தெரியாத பொண்ணுக்குப் பாடம்மா. புரொபசர் முத்திரை கேக்கறாரு."

"மொதப் பக்கத்துல ஒண்ணு போட்டா போதும்ல? அத மட்டும் அவர்கிட்ட காட்டிட்டு வா."

சொன்னார். போர்க்கா அம்மாள் இதைச் சொன்னார் என்பதற்கு அந்தத் தொட்டிச் செடிகள் சாட்சி. கல்லூரி வரலாற்றிலேயே முத்திரையை மிச்சம் பிடிக்கச் சொல்லி அவர் யோசனை கொடுத்தது அந்த ஒரு தடவைதான். வித்தோமிரும் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

ஆனால் அவர் காதில் இன்னும் "நீ யாரு?" ஒலித்துக்கொண்டிருந்தது.

"எல்லாப் பக்கத்துலயும் போடுங்கம்மா," என்றார்.

போர்க்கா அம்மாள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். என்ன தெரிந்ததோ, மறுபேச்சுப் பேசாமல் இழுப்பறையைத் திறந்தார். டப், டப் என்று பக்கத்துக்குப் பக்கம் நீல வட்டம் விழுந்தது, நடுவில் அரசாங்கக் கழுகு. வித்தோமிர் தாளைத் தாளாக எடுத்து உலர வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் நகலெடுத்த காகிதத்தில்தான் முத்திரை விழுந்திருக்கிறது; அவர் எழுதியதில் விழுந்ததில்லை. ஒரு கட்டத்தில் போர்க்கா அம்மாள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "மீதிய நீயே குத்திக்க" என்று முத்திரையை அவர் கையிலேயே கொடுத்தார். பூசாரி வெளியே போய்ப் பக்தனைக் கர்ப்பக்கிருகத்துக்குள் விட்ட மாதிரி இருந்தது. கடைசித் தாள் வரை ஒரு வட்டம்கூடக் கோணாமல் பார்த்துப் பார்த்துக் குத்தினார் என்று போர்க்கா அம்மாள் பிற்பாடு பலரிடம் சொன்னார்.

அப்புறம் அவர் என்ன செய்தார் என்பதை மெதுவாகச் சொல்ல வேண்டும். முத்திரை குத்திய தாள்களை ஸ்கேன் மெஷினில் போட்டார். அத்தனையையும் சைட்டில் ஏற்றினார். டைப் செய்த பழைய ஃபைல்களை ஏற்கெனவே, மாணவர்கள் கண்ணில் படாத ஒரு ஓரத்தில், ஏற்றி வைத்திருந்தார். ஒரே பாடம் இரண்டு விதமாக இருந்தால் எது அசல் என்று பேராசிரியர் கேட்பாரே என்று அவற்றை நீக்கினார். 'எல்லா மாணவர்களுக்கும் ஏற்றது' என்ற கட்டத்தில் டிக் போட்டார். திரையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பக்கம் பக்கமாகச் சுத்தமான எழுத்து, ஒவ்வொன்றிலும் நீல வட்டம். ஒரு கட்டைவிரல்கூட இல்லை.

காகிதத்தை ஸ்கேன் செய்தால் கிடைப்பது படம். இது வித்தோமிருக்குத் தெரியாததல்ல. மே மாதத்தில் அந்தப் பெண்ணின் போன் சொன்னதை அவர் காதாலேயே கேட்டிருக்கிறார். தெரிந்த விஷயம் தேவையான நேரத்தில் வேறு அறையில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதம் பாடுபட்டுப் பேச வைத்த பாடத்தை, ஒரே பிற்பகலில் தன் கையாலேயே ஊமையாக்கிவிட்டு, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை காரில் தக்காளி, பாலாடைக்கட்டி, காபிப்பொடி, கழிவறைக் காகிதம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிரேக்கக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். எல்லையைத் தாண்டியதும் போனை அணைத்தார். அந்நியக் கடற்கரையில் போன் பேசினால் வருகிற பில்லில் இன்னொரு கடற்கரைக்குப் போய் வரலாம் என்பதால் எல்லாரும் அப்படித்தான் அணைப்பார்கள். கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு கிராகுயேவாட்ஸ் ஊர்க்காரரிடம், "எங்க காலேஜுல கண்ணு தெரியாத பொண்ணு ஒண்ணு, இந்நேரம் நான் எழுதினத கேட்டுட்டிருக்கும்" என்று சொன்னார். கிராகுயேவாட்ஸ்காரர் "நல்ல காரியம், பிரதர்" என்று சொல்லி முங்கினார்.

திரும்பி வந்தபோது ஊர் முழுக்க மிளகாய் வாடை. சிவப்புக் குடமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, அரைத்து, குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைக்கிற காலம். லியூபிங்கா இரண்டு மூட்டை வாங்கி முற்றத்தில் இறக்கிவிட்டாள். வித்தோமிர் மிச்சமிருந்த விடுமுறையையும் அடுப்பு முன்னால் கரி பூசிய கையோடு கழித்தார். போனில் வந்து கிடந்த தவறிய அழைப்புகளில் பழக்கமில்லாத ஒரு எண்ணும் இருந்தது. விற்பனைக்காரர்களாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

கல்லூரி திறந்த வாரமே செப்டம்பர் பரீட்சை. நடைபாதையில் வெள்ளைக் கோலின் சத்தம் கேட்டதும் அவரே எழுந்து ஓடினார்.

"துன்யா! எப்படிம்மா எழுதின?"

"எங்க மாமா எழுதறது? ராதோசாவ் சார் வாயாலதான் கேட்டாரு. நானும் ரெண்டு ஜோக்கு சொல்லிப் பாத்தேன். அதுக்கு மார்க்கு இல்லியாம்."

"ஏன், பாடம் கேக்கலியா?"

"எந்தப் பாடம்?"

"என்னம்மா எந்தப் பாடம்? நான் போட்டிருந்தேனே. முழுசா. ஜூலைலயே."

துன்யா போனை எடுத்து சைட்டைத் திறந்து விரலால் தள்ளினாள். "படம்," என்றது போன். "படம். படம்."

வித்தோமிர் நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"காலேஜுக்கு மெயில் போட்டேன் மாமா. ஆகஸ்டுல யார் தொறப்பா? உங்க நம்பர வாட்ச்மேன்கிட்ட வாங்கி அடிச்சேன். போன் போகல. சரி, மாமாவுக்கு வேல வந்துருக்கும், செய்யலன்னு நெனச்சுக்கிட்டேன்." அவர் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், குரலை இறக்கிச் சொன்னாள். "நான் கோவிச்சுக்கல மாமா. செய்றேன்னு சொல்றவங்க நெறைய பேரு. செய்யலன்னாலும் பழகிடுச்சு."

"செஞ்சேன் துன்யா," என்றார். "செஞ்சு..." செய்து, முத்திரை குத்தி, படமாக்கிவிட்டேன் என்று ஒரு மனுஷன் எந்த முகத்தோடு சொல்வது? சொன்னார். திக்கித் திக்கி முழுவதையும் சொன்னார்.

கேட்டுவிட்டு துன்யா கேட்டது ஒன்றே ஒன்று.

"ஜூலைல ஒரு தடவ என்னைக் கூப்புட்டு கேக்கச் சொல்லியிருக்கலாமே மாமா. ஏன் கூப்புடல?"

வித்தோமிர் அவள் போனில் இன்னும் தெரிந்த நீல வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாட்களில் அவர் ஏறாத படி இல்லை. டாக்டர் ராதோசாவ் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அக்டோபர்ல நானே தனியா பரீட்ச வெக்கறேன், எத்தன மணிக்கு வேணா வரட்டும்," என்றார். ஆனால் அரசாங்க சீட்டுகளின் கணக்கு செப்டம்பரோடு முடிந்துவிடுகிறது. அக்டோபரில் பாஸானாலும் சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிருக்கும். டைரக்டரிடம் போனார். டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே வந்து கை குலுக்கினார்.

"வித்தோமிர், ஒங்களத்தான் தேடிட்டிருந்தேன்! அங்கீகாரக் குழு ஆன்லைன்ல நம்ம பாடமெல்லாம் பாத்தாங்களாம். அந்தப் புள்ளியியல் இருக்கே, ஒவ்வொரு பக்கமும் முத்திரை! 'இதுதான் ஒழுங்கு'ன்னு எழுதியிருக்காங்க."

"சார், அத அந்தப் பொண்ணால படிக்க முடியல."

"எந்தப் பொண்ணு?"

"கண்ணு தெரியாத பொண்ணு. யாருக்காகச் செஞ்சமோ, அவ."

டைரக்டர் உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள், கல் நெஞ்சக்காரர் இல்லை. பேனாவை மூடித் திறந்தார். "ரொம்பச் சங்கடம்," என்றார். "எடுத்துடாதீங்க, குழு மறுபடி பாப்பாங்க. பக்கத்துல இன்னொண்ணு போடுங்க." வித்தோமிர் அன்று மாலையே வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து டைப் செய்த ஃபைல்களை எடுத்துப் பக்கத்தில் போட்டார். கல்லூரியில் அவற்றைக் காதால் படிக்கக்கூடிய ஒரே ஆள் அதற்குள் ஹாஸ்டல் கட்டிலைக் காலி செய்துவிட்டிருந்தாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை வித்தோமிர் பஸ் பிடித்து அவள் கிராமத்துக்குப் போனார். சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ். எதற்குப் போகிறார் என்று லியூபிங்கா கேட்கவில்லை. ஒரு ஜாடி மிளகாய் விழுதைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

துன்யாவின் அம்மா ஸ்தானா வாசலிலேயே காத்திருந்தார். உட்கார வைத்து, காட்டு ஸ்ட்ராபெரிப் பாகு ஒரு கரண்டியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். துன்யா அடுப்போரம் உட்கார்ந்து காய்ந்த பீன்ஸை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரிய கூடை.

"வித்தோ மாமா! வாங்க, வாங்க. நல்லவேள இன்னிக்கு வந்தீங்க. திங்கக்கெழம நான் நீஷ் டவுனுக்குப் போறேன். போன் கம்பெனில வேல. கஸ்டமருங்க திட்டுவாங்க, நான் கேக்கணும். காது நல்லா இருந்தா போதுமாம்."

"அடுத்த வருஷம் திரும்பச் சேந்துக்கலாமேம்மா."

"சேரலாம் மாமா. பணம் கட்டிப் படிக்கறவங்க சேரலாம்." பேச்சை மாற்றினாள். "என்ன கொண்டாந்தீங்க?"

அவர் பென் டிரைவை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, எழுந்து போய்ப் பழைய லேப்டாப்பை எடுத்து வந்து மாட்டினாள். ஏதோ பொத்தான்களைத் தட்டினாள். குரல் கிளம்பியது.

அது அந்தச் சுங்க அதிகாரியேதான். ஆனால் வண்டியில் பிரேக் போன அதிகாரி. துன்யாவுக்குப் பழகிய வேகம் அது, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற வேகம். வித்தோமிர் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தார். அவர் எழுதிய வாக்கியங்கள். அவருக்கே ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

"இது எந்த ஊர் பாஷ?" என்றார் ஸ்தானா.

"நம்ம பாஷதாம்மா. வித்தோ மாமா எழுதினது." துன்யா பீன்ஸை உரித்தபடியே கேட்டாள். கொஞ்ச நேரத்தில் சட்டென்று சிரித்துக் குரலை நிறுத்தினாள். "மிஜோர் மேல நான் ஏறியிருக்கேன் மாமா, கால் இருக்கு எனக்கு. ரெண்டு பக்கமும் ஒரே சீராவா இருக்கு? ஏறுறப்ப பாட்டுப் பாடலாம், எறங்குறப்ப முட்டி கழண்டுரும். ஆட்டு மணின்னு எழுதியிருந்தா ஒரு நொடில புரிஞ்சிருக்கும்."

லியூபிங்கா காதில் இது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வித்தோமிர் நினைத்தார்.

"ஆனா மாமா," என்றாள் அவள், "நல்லா எழுதியிருக்கீங்க. அட்டவணையெல்லாம் வரிசையா பேசுது. இப்படி யாரும் எழுதிக் குடுத்ததில்ல." மறுபடி ஓடவிட்டாள்.

லேப்டாப்பில் ஆலங்கட்டி மழை பெய்துகொண்டே இருந்தது. ஸ்தானா அடுப்பில் விறகு தள்ளினார். ஆடுகள் பட்டிக்குத் திரும்பின. அவ்வப்போது துன்யா நிறுத்தி, ஒரு இடத்தை மறுபடி கேட்டு, "ஓ, இதத்தான் அவர் கேட்டாரா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மேலே போனாள். வித்தோமிர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும்போதே குரல் நின்றது.

"என்னம்மா, கரண்ட் போச்சா?"

"இல்ல மாமா. முடிஞ்சிருச்சு."

"எது?"

"பாடம். அவ்வளவுதான், கடைசிப் பக்கம்."

அவர் கூடையைப் பார்த்தார். பாடமே முடிந்துவிட்டது, பாதி பீன்ஸ் இன்னும் உரிக்காமல் கிடந்தது.

துன்யா கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மெதுவாக மூடினாள். கூடையை அவர் பக்கம் காலால் தள்ளினாள்.

"பஸ் வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கீங்க மாமா," என்றாள். "கொஞ்சம் உரிங்க."

வித்தோமிர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார்.